தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

டீயை ஆற்றி என் முன்னால் வைத்துவிட்டு அக்கா மகள் நேராக விஷயத்துக்கு வந்தாள். "மாமா, நவம்பர்ல நானும் மான் வேட்டைக்குப் போறேன். பயிற்சி வகுப்பு முடிச்சாச்சு. ஆபீஸ்ல எல்லாரும் .30-06 வாங்குன்னு சொல்றாங்க. கடையில தூக்கிக் குறி பார்த்தேன், கை நடுங்குது. இருக்கறதுலயே லேசா, விலை கம்மியா ஒண்ணு சொல்லுங்க."

உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். வசிப்பது பென்சில்வேனியாவில். தாங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை அங்கே ரைஃபிள் பருவம் தொடங்கும். 1972 வனவுயிர்ச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு மான் வேட்டை என்றாலே நெஞ்சு திக்கென்கிறது. அங்கே வெள்ளைவால் மான்கள் ஏராளம். அவற்றின் எண்ணிக்கை கட்டுமீறாமல் இருக்க, உரிமமும் பருவமும் வகுத்து அரசே வேட்டையை நடத்துகிறது.

"லேசுங்கறதை இப்போதைக்கு ஒதுக்கி வை. தையல் நாடா இருந்தா எடுத்துட்டு வா" என்றேன்.

முழங்கையைச் செங்கோணமாக மடக்கச் சொன்னேன். உள்மடிப்பில் நாடாவின் முனையை வைத்து, ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை இழுத்தேன். பன்னிரண்டே கால் அங்குலம். துப்பாக்கியின் விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம் ஏறக்குறைய இந்த அளவில் இருக்க வேண்டும். கடைக்காரர்கள் இதை 'லெங்த் ஆஃப் புல்' என்பார்கள். கடையில் சாத்தி வைத்திருக்கும் பெரும்பாலான ரைஃபிள்களில் இது பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல்.

ஒன்றேகால் அங்குலம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் ஒரு தெரு நடக்கலாம். கையை நீட்டிப் பிடித்தால் பத்தடி தாங்காது. கட்டை நீளமானால் இடது கை அவ்வளவு தூரம் முன்னால் போகிறது, பாரம் குழல் பக்கம் சாய்கிறது, உடம்பு பின்னால் வளைகிறது. அவள் கை நடுங்கியதற்கு எடையைவிட நீளமே காரணம். கட்டையும் தோள்குழியில் உட்காராமல் புஜத்தில் உட்காரும்.

என் முதல் ரைஃபிள் அப்படி ஒரு நீளக் கட்டை .30-06. நான் அவளைவிட இரண்டு அங்குலம்தான் உயரம். "போகப் போகப் பழகிடும்" என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரியவில்லை என்று கழுத்தை முன்னால் நீட்டிச் சுட்டேன். உதையில் ஸ்கோப் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால் அடுத்த இரண்டு பருவமும் விசையைத் தொட்டாலே கண் தானாக மூடியது. அப்படிச் சுட்டதில் ஒரு பெண்மான் காயத்தோடு ஓடியது; இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. இந்தப் பத்தியை எழுதுவதே அந்த மானுக்காகத்தான்.

"அப்போ லேசா இருந்தா நல்லதுதானே?" என்றாள். தூக்கி நடக்கும்போது நல்லது. ஆனால் அதே தோட்டாவை லேசான துப்பாக்கியில் போட்டால் உதை கூடும். எடை பாதியானால் உதையின் ஆற்றல் இரண்டு மடங்கு. எனவே மிக லேசானதைத் தேட வேண்டாம். ஆறு, ஆறரை பவுண்டு, அதாவது மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். உதையைத் தோட்டாவில்தான் குறைக்க வேண்டும்.

1952இல் .308 வின்செஸ்டர் தோட்டா வந்தது. அதன் கூட்டின் கழுத்தை மட்டும் ஒடுக்கி 1955இல் .243 செய்தார்கள், 1980இல் 7 எம்எம்-08 வந்ததும் அதே கூட்டிலிருந்துதான். குட்டையான கூடு என்பதால் துப்பாக்கியின் உடலும் குட்டையாகிறது. .243இன் உதை .30-06இன் உதையில் ஏறக்குறைய பாதி. 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் இரண்டுக்கும் நடுவே. பென்சில்வேனியக் காட்டுக்குள் நூறு கெஜத்துக்குள் சுடப்போகிறவளுக்கு .243 போதும் என்பது என் முடிவு. ஆனால் மானுக்கென்று செய்த 95, 100 கிரெய்ன் குண்டுதான் வேண்டும். சிறு பிராணிகளுக்கான 55 கிரெய்ன் குண்டும் அதே அலமாரியில் இருக்கும். அது உள்ளே போகாமல் மேலேயே சிதறிவிடும்.

விலை பெரிய சிக்கல் இல்லை. ரூகர் அமெரிக்கன் காம்பாக்டில் கட்டை பன்னிரண்டரை அங்குலம், குழல் 18 அங்குலம், எடை சுமார் ஆறு பவுண்டு. மாஸ்பெர்க் பேட்ரியட் சூப்பர் பான்டமில் இடைத்துண்டைப் போட்டும் எடுத்தும் கட்டையை 12இலிருந்து 13 அங்குலம் வரை மாற்றலாம். இரண்டும் சிக்கன ரகம்தான். குட்டைக் குழலில் குண்டின் வேகம் கொஞ்சம் குறையும், நூறு கெஜத்தில் அது பொருட்டில்லை. சத்தம் கூடும், காதடைப்பான் கட்டாயம். ஸ்கோப்பைக் கண்ணிலிருந்து மூன்றரை அங்குலமாவது தள்ளிப் பொருத்தச் சொல்ல வேண்டும், அதுவும் அவள் தோளில் வைத்துப் பார்த்து.

மிச்சமாகும் பணம் பயிற்சிக்கு. முதலில் .22, பிறகு .243. கூட வருபவர் அவளுக்குத் தெரியாமல் நடுநடுவே போலித் தோட்டாவைப் போட வேண்டும். வெடிக்காத அந்த நொடியில் குழல் துள்ளினால், கண் மூடுகிறது என்று அர்த்தம்.

அவளிடம் கிரீன் கார்டு இருக்கிறது. ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கு ஒரு விலக்கு. இருந்தாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் கடைப்படி ஏறாதீர்கள்.

இன்னொன்று. கடைக்கு எந்த மாதம் போனாலும், நவம்பர் குளிருக்குப் போடப்போகும் அதே தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பாருங்கள். அந்தத் துணியின் தடிமனும் கட்டை நீளத்தோடு சேரும்.