தனிமுருகை கூறும் பழங்கதை

முருகைக்கல் என்றதும், எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய கடற்பாரே நம் மனக்கண்முன் தோன்றும். ஆயினும் கூட்டம் சேராது, தனக்கென ஒரு கற்கிண்ணத்தை அமைத்து அதனுள் வாழும் முருகைகளும் பலவுள. ஒரே பொலிப்பு, ஒரே கிண்ணம். இத்தனிமுருகைகளே தம் குலவரலாற்றின் பெரும்புதிர் ஒன்றை விடுவிக்கத் துணைபுரிந்துள்ளன.

முருகையை வகைப்படுத்துவோர் முதலில் நோக்குவது கிண்ணத்தின் உள்ளே அமைந்த பிரிசுவர்களையே. தோடம்பழத்தைக் குறுக்கே வெட்டினாற் காணும் சுவர்களை ஒத்தவை இவை. ரூகோசா என்னும் பண்டைய வரிசையில், முதல் ஆறு சுவர்கள் தோன்றியபின் ஏனையவை நான்கு இடங்களில் மாத்திரமே முளைத்தன. இவற்றுள் தனித்து வாழ்ந்தவை பல ஆட்டுக்கொம்பு போல வளைந்து வளர்ந்தமையால் கொம்புமுருகை எனப்பட்டன. இன்றைய கன்முருகைகளிலோ ஆறு இடைவெளிகளிலும் புதுச்சுவர்கள் ஒழுங்காக எழுகின்றன. முன்னவற்றின் கல் கல்சைற்று; பின்னவற்றின் கல் அரகனைற்று. இரண்டும் சுண்ணாம்பே, பளிங்கமைப்பே வேறு.

ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பேர்மியன் கால முடிவில் நிகழ்ந்த பேரழிவில் ரூகோசாக்கள் அடியோடு மறைந்தன. இன்றைய முருகைகளின் உயிர்ச்சுவடுகளோ, அடுத்துவந்த திரயாசிக்குக் காலத்தின் நடுப்பகுதியிலிருந்தே தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. இடையே பல இலட்சம் ஆண்டுகளுக்குப் பாறையேடு வெறுமையாகவுள்ளது. பழைய குலந்தான் உருமாறிற்றா? அன்றிப் புதுக்குலம் பிறந்ததா?

விடையின் ஒரு நுனி ஸ்கொட்லாந்திற் கிடைத்தது. ஏறத்தாழ 45 கோடி ஆண்டுப் பழைமையான பாறையிலிருந்த, அறுமுறைச் சுவருடைய தனிமுருகை ஒன்றை ஸ்கிரட்டன், கிளாக்சன் என்போர் 1991இல் விவரித்தனர். பின்னர் 2011இல் ஸ்ரோலார்ஸ்கி குழுவினர் ஆழ்கடற் தனிமுருகைகளின் மரபணுக்களை ஆராய்ந்து, இன்றைய குலத்தின் மூதாதை பேரழிவுக்கு மிக முந்தியதென்றும், அது தனித்தே வாழ்ந்திருக்கவேண்டுமென்றும் கண்டனர். எனவே இன்றைய முருகை ரூகோசாவின் வழித்தோன்றலன்று. அதனோடு உடன்வாழ்ந்த வேறொரு கிளையே எனலாம்.

அவ்வாறாயின் இடைக்காலத்தில் அது சுவடின்றி இருந்தது எங்ஙனம்? 2007இல் இஸ்ரேலிய ஆய்வாளரான ஃபைன், செர்னோவ் இருவரும் மத்தியதரைக் கடலின் இரண்டு முருகையினங்களை அமிலத்தன்மை கூடிய கடல்நீரில் வைத்தனர். கல் கரைந்தது; பொலிப்புகளோ கல்லின்றியே ஓராண்டு வாழ்ந்தன. வழமையான நீருக்கு மீண்டதும் மறுபடியுங் கல்லைக் கட்டின. முற்காலத்திலும் முருகைகள் இவ்வாறு வெற்றுடலுடன் பிழைத்திருக்கலாம் என்பது ஒருசாரார் கருத்து. மெல்லுடல் பாறையிற் பதிவது அரிதன்றோ!

இதனைக் கேட்டு நாம் ஆறுதல் கொள்ளற்க. நாம் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றின் காபனீரொட்சைட்டை உறிஞ்சி, இன்றைய கடலும் அமிலத்தன்மையை நோக்கி நகர்கின்றது. கல்லை இழந்த பொலிப்புகளுட் சில பிழைக்கவுங்கூடும். ஆனால் கல்லில்லாவிடத்துப் பாரில்லை. பாரில்லாவிடத்து மீனுக்குப் புகலிடமில்லை. நம் கரைகளுக்கு அலையைத் தடுக்கும் அரணுமில்லை. முருகைக்குப் பல இலட்சம் ஆண்டுகள் காத்திருக்க இயலும். கரையில் வாழும் மனிதனுக்கு இயலுமா?