புது வீட்டில் விதிமீறல்: யார் பொறுப்பு?

முதல் தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்த பிறகுதான் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வருகிறது. வரைபடத்தில் காட்டிய பக்க இடைவெளி தரையில் இல்லை. “இன்ஜினீயர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன்” என்கிறார் வீட்டுக்காரர். “பிளான் போட்டுக் கையெழுத்திட்டதோடு என் வேலை முடிந்தது” என்கிறார் இன்ஜினீயர். “காட்டிய இடத்தில் கட்டினேன்” என்கிறார் மேஸ்திரி. தமிழ்நாட்டில் வீடு கட்டும் தெருக்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் நோட்டீஸில் இருப்பது வீட்டுக்காரரின் பெயர்தான்.

சட்டம் யாரைக் கேட்கிறது?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 56, 57-ஆம் பிரிவுகள் விதிமீறிய கட்டுமானத்தை நிறுத்தவும் அகற்றவும் அதிகாரம் தருகின்றன. அந்த நடவடிக்கை முதலில் மனை உரிமையாளரிடம்தான் வந்து நிற்கும். தளப்பரப்பு எவ்வளவு, சாலையிலிருந்தும் பக்கத்து மனையிலிருந்தும் எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், மழைநீர்த் தொட்டி எங்கே என்பதையெல்லாம் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. ‘எனக்குத் தெரியாது, கான்ட்ராக்டர் செய்தது’ என்ற பதில் நோட்டீஸை ரத்து செய்யாது.

அப்ரூவல் கிடைத்துவிட்டால் போதாதா?

போதாது. மனையில் என்ன கட்டலாம் என்பதற்குத்தான் அனுமதி. தூணுக்குள் கம்பி சரியாக இருக்கிறதா என்பதற்கு அது சான்று ஆகாது. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று இடிந்து விழுந்த 11 மாடிக் கட்டடம் அனுமதி பெற்றதுதான். 61 பேர் இறந்தார்கள். அருகில் நின்ற இன்னொரு கட்டடமும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

சிறு வீடுகளில் வீட்டுக்காரரின் பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதற்குமேல் ஒரு மாடியோ கட்டுபவர்களுக்கு 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது. இணையத்தில் விண்ணப்பித்தால் உடனே அனுமதி. முன்கூட்டியே கள ஆய்வு இல்லை. முடிவுச் சான்றும் தேவையில்லை. அலைச்சல் மிச்சம் என்பது உண்மை. ஆனால் ‘விதிப்படி கட்டுவேன்’ என்று உறுதி தருபவர் நீங்கள். தவறினால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்.

மற்றவர்களுக்குப் பொறுப்பே இல்லையா?

உண்டு. வரைபடத்தில் கையெழுத்திட்ட பதிவுபெற்ற பொறியாளர் அதன் சரித்தன்மைக்குப் பொறுப்பு. கட்டமைப்பு வடிவமைப்பைத் தந்தவர் தூண், உத்தரம், அஸ்திவாரக் கணக்குக்குப் பொறுப்பு. மொத்த வேலையையும் ஒப்பந்தம் எடுத்த கட்டுநர் வேலைத்தரத்துக்கும் அவர் வாங்கிய பொருளுக்கும் பொறுப்பு. சிமெண்டையும் கம்பியையும் நீங்களே வாங்கித் தந்து கூலிக்கு மட்டும் ஆள் வைத்திருந்தால், பொருளின் தரம் உங்கள் தலையில்தான்.

வீடு கட்டித் தருவதும் ஒரு சேவை என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்தது. ஆகவே வேலையில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வரும் அடுக்ககத்தில் வீடு வாங்கியவர்களுக்கு வேறொரு பாதுகாப்பும் உண்டு: ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையைச் சுட்டிக்காட்டினால், கட்டுநர் 30 நாளில் செலவின்றிச் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் தனி வீடு கட்டுபவருக்கு இந்தச் சட்டம் துணை வராது. ஒப்பந்தத் தாள்தான் அவருக்குத் துணை.

அதிகாரிகளும் தப்ப முடியாது. அங்கீகரித்த வரைபடம் கட்டுமான இடத்தில் எப்போதும் பார்வைக்கு இருக்க வேண்டும், அதிகாரிகள் அவ்வப்போது நேரில் ஆய்வு செய்ய வேண்டும், தவறாகச் சான்று தந்தவர்கள்மீது நடவடிக்கை வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

என்ன செய்ய வேண்டும்?

கையெழுத்துப் போடும் பொறியாளர் வேறு, மேற்பார்வை செய்யும் பொறியாளர் வேறு. நம் ஊரில் பலர் முதல் வேலைக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு இரண்டாவதை மேஸ்திரியிடம் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மேற்பார்வைக்கு யார் என்று பெயர் போட்டு எழுதி வாங்குங்கள். கடைக்கால் தோண்டுமுன் மூலைகளை அளந்து, வரைபடத்தோடு ஒத்துப்பாருங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின நாள் பொறியாளர் கம்பியைப் பார்த்துக் கையெழுத்திடட்டும். நீங்கள் படம் எடுத்து வையுங்கள். அடுத்த தவணைப் பணம் அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

நல்ல நாள் பார்த்து நிலைவாசல் வைக்கிறோம். தளம் போடும் நாளிலும் அதே அக்கறை வேண்டும். கான்கிரீட் மூடிய கம்பியை மறுநாள் யாராலும் எண்ணிப் பார்க்க முடியாது.