பெட்ரோலில் ஊற்றும் மருந்து

வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, ஆம்பூர் வழியாக வாணியம்பாடிக்குப் போகும் பெருஞ்சாலையில் காலை எட்டு மணி சுமாருக்கு நின்று பார்த்தால், தோல் தொழில் எத்தனை சக்கரங்களின்மேல் ஓடுகிறது என்பது விளங்கும். பாதரட்சைத் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள் ஒரு வரிசை. சென்னைத் துறைமுகத்தை நோக்கி விரையும் லாரிகள் ஒரு வரிசை. இவற்றின் நடுவே, பதனிட்ட தோல் கட்டுகளை முன்னும் பின்னும் அடுக்கிக்கொண்டு, ஓட்டுகிறவரின் தலை மட்டும் வெளியே தெரியும்படி செல்லும் மொபெட்டுகள்.

இந்தச் சாலையோரத்து உதிரிபாகக் கடைகளிலே ஒரு சின்னச் சீசா விற்பனையாகிறது. அதைப் பெட்ரோல் டாங்கியில் ஊற்றிவிட்டால் யந்திரத்தின் உட்புறம் பளிச்சென்று சுத்தமாகும், இழுவை கூடும், புகை குறையும், ஒரு லிட்டருக்குப் பத்து மைல் அதிகமாக ஓடும் என்றெல்லாம் சொல்கிறார்கள். வாங்குகிறவர் பெரும்பாலும் கார் வைத்திருக்கும் கனவான் அல்லர். தம் வண்டி நின்றால் அன்றைய கூலியும் நின்றுபோகும் நிலையில் உள்ளவர்தான் வாங்குகிறார். ஆகையால் சீசாவின் பெருமை உண்மையா, பொய்யா என்று விசாரிப்பது வீண் வேலையாகாது.

முதலில் சீசாவுக்குச் சாதகமாக உள்ளதைச் சொல்லிவிடுவோம். பெட்ரோல் நாட்பட்டால் காற்றோடு கலந்து பிசின் போன்ற ஒரு வஸ்துவாக மாறும். அது பெட்ரோலைத் தூவும் ஊசித் துவாரங்களிலும், காற்று உட்செல்லும் வால்வுகளின் முதுகிலும் படிகிறது. தலைமயிரைப்போல் நுண்ணிய துவாரம் சிறிது அடைபட்டாலும் பெட்ரோல் பனியாகத் தூவாமல் சொட்டுச் சொட்டாக விழும், வண்டி திணறும். இந்தப் படிவை அகற்றச் சில ரசாயனங்கள் உண்டு. சிகைக்காயும் சவுக்காரமும் எண்ணெய்ப் பிசுக்கை எப்படிப் போக்குகின்றனவோ அதே தத்துவந்தான். மூலக்கூற்றின் ஒரு முனை அழுக்கைப் பற்றிக்கொள்கிறது. மறு முனை பெட்ரோலில் கரைந்து அழுக்கையும் இழுத்துக்கொண்டு போகிறது. இவற்றுள் சிறந்தது பாலியீதர் அமீன் என்பது. யந்திரத்தின் உஷ்ணத்தையும் தாங்கி அது வேலை செய்யும். அமெரிக்காவில் 1980-க்குப் பின் புதுக் கார்களில் வால்வுப் படிவினால் பெருந்தொல்லை ஏற்பட்டது. 1995 முதல் விற்பனையாகும் பெட்ரோல் அனைத்திலும் சுத்திகரிப்புச் சரக்கு சேர்த்தாக வேண்டும் என்று அந்நாட்டுச் சர்க்கார் விதித்தது. 2016-ஆம் வருஷத்தில் அங்குள்ள மோட்டார் சங்கம் ஒன்று பரிசோதித்துப் பார்த்ததில், இந்தச் சரக்கு குறைவாயுள்ள பெட்ரோலில் 4,000 மைல் ஓடிய யந்திரங்களின் வால்வுகளில், உயர்தரப் பெட்ரோலில் ஓடியவற்றைக் காட்டிலும் சராசரி 19 மடங்கு படிவு இருந்தது தெரியவந்தது.

ஆகவே, "சுத்தம் செய்யும் மருந்து என்று ஒன்றுமே கிடையாது" என்று சொல்கிறவர்கள் கட்சியில் நாம் சேரவில்லை. மருந்து உண்டு. ஆனால் சீசாவுக்குள் அந்த மருந்து எவ்வளவு உண்டு? பல சீசாக்களில் பெரும்பகுதி மண்ணெண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்த மலிவான எண்ணெய்தான். உண்மையான சரக்கு மிகச் சொற்பம். மேலும் நம் நாட்டுப் பெட்ரோல் நிலையங்களிலேயே, 'ஸ்பீட்', 'பவர்' முதலிய பெயர்களில், சுத்திகரிப்புச் சரக்கு கலந்த பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. நெடுநாள் ஓடாமல் கிடந்த வண்டிக்கும், தூவும் ஊசி அடைபட்டுத் திணறும் பழைய காருக்கும் நல்ல சீசா ஒன்றினால் பலன் ஏற்படலாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அதை ஊற்றுவது, தலைவலி இல்லாதவன் தைலம் தடவிக்கொள்வதைப் போன்றதே. நேரடியாக அறைக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் புதுமாதிரிக் கார்களிலோ, பெட்ரோல் அந்த வால்வின் முதுகைத் தொடுவதே இல்லை. தொடாத இடத்தை மருந்து எப்படிக் கழுவும்?

மைல் கணக்குக்கு வருவோம். நல்ல நிலையிலுள்ள யந்திரம் தனக்குக் கொடுத்த பெட்ரோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் ஏற்கெனவே எரித்துவிடுகிறது. எரிந்த பெட்ரோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உஷ்ணமாகப் புகைக்குழாய் வழியாகவும் யந்திரத்தின் உடல் வழியாகவும் வீணாவது மெய்தான். அது உஷ்ண யந்திரத்தின் பிறவிக் குணம். சீசாவினால் மாற்றக்கூடியது அன்று. "முழுக்க எரிய வைத்து இருபது சதவிகிதம் மிச்சப்படுத்துகிறோம்" என்றால், எரியாமல் இருக்கும் இரண்டு மூன்று சதவிகிதத்திலிருந்து இருபதை எங்ஙனம் எடுப்பது? அமெரிக்கச் சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகா, பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களையும் சரக்குகளையும் சோதித்தது. குறிப்பிடத்தக்க மிச்சம் எதிலும் காணவில்லை.

ஒரு சிறு கணக்குப் போடலாம். சீசா 300 ரூபாய், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சீசாவினால் இரண்டு சதவிகிதம் மிச்சம் என்றே ஒப்புக்கொள்வோம். போட்ட பணம் திரும்புவதற்கு 150 லிட்டர் பெட்ரோல் எரிய வேண்டும். நாளொன்றுக்கு ஒரு லிட்டர் எரிக்கும் மொபெட்காரருக்கு அது ஐந்து மாதம். அதற்குள் கடைக்காரர் அடுத்த சீசாவையும் விற்றிருப்பார்! டயரில் காற்றைச் சரிபார்ப்பதற்கும், தூசி அடைத்த காற்று வடிகட்டியை மாற்றுவதற்கும் இதைவிடக் குறைந்த செலவே ஆகும், பலனோ அதிகம். தோல் தொழிலில் ஈடுபட்டவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. புழு துளைத்த தோலின்மேல் எத்தனை பூச்சுப் பூசினாலும், இழுத்துப் பார்க்கும்போது தோல் தன் உண்மையைச் சொல்லிவிடும். தேய்ந்த பிஸ்டன் வளையத்தையும் கெட்டுப்போன ஸ்பார்க் பிளக்கையும் எந்தத் திரவமும் குணப்படுத்தாது.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஜனங்கள் ஏன் நம்புகிறார்கள்? பெட்ரோலில் எதையோ கலந்து ஓட்டுவது நமக்குப் புதிதன்று. 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 முதலாக, இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டுகளுக்குப் பெட்ரோலுடன் எண்ணெய் கலந்தே தீர வேண்டியிருந்தது. கலக்காவிட்டால் யந்திரம் இறுகிவிடும். அதே குடும்பத்தில் 2015-ஆம் வருஷத்தில் நான்கு ஸ்ட்ரோக் வண்டி வந்தது. எண்ணெய் கலக்கும் அவசியம் போயிற்று. கலக்கும் பழக்கம் எளிதில் போகுமா?

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்வதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு கதையை நினைவூட்ட வேண்டும். 1996-ஆம் வருஷத்தில் இராஜபாளையத்தை அடுத்த இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை என்பவர், தண்ணீரில் மூலிகைகளைப் போட்டுக் காய்ச்சிப் பெட்ரோல் செய்வதாகச் சொன்னார். பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. டில்லியிலுள்ள பெரிய மனிதர்களும் அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார்கள். பெருங்கல்லூரிப் படிப்பில்லாத கிராமவாசி ஒருவர், அந்நிய நாட்டு எண்ணெய்க்கு நாம் கொட்டிக் கொடுக்கும் கோடானுகோடிப் பணத்தை மிச்சப்படுத்தப் போகிறார் என்றால் எந்த இந்தியனுக்குத்தான் உள்ளம் பூரிக்காது? சுதேசி என்ற சொல்லுக்கு இத்தேசத்தில் உள்ள மந்திர சக்தி அத்தகையது.

ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கும் ரசாயன பாடமே போதுமானதாயிருந்தது. தண்ணீரில் இருப்பவை ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும். பெட்ரோலுக்குக் கரி வேண்டும். ஒரு பிடி இலையிலுள்ள கரியைக் கொண்டு பல லிட்டர் பெட்ரோல் செய்வது, ஒரு ஆழாக்கு அரிசியில் ஊருக்கே சமைப்பது போன்றது. காய்ச்சும்போது கிளறிய கோல் உட்குழிவானது; அதனுள் எண்ணெயை அடைத்து மெழுகினால் மூடியிருந்தது; சூட்டில் மெழுகு உருக எண்ணெய் வெளிப்பட்டது என்பதே பிற்பாடு சொல்லப்பட்ட விளக்கம். அத்துடன் கதை முடியவில்லை. 1999, 2000-ஆம் வருஷங்களில் 'மூலிகை எரிபொருள்' கடைகளில் விற்பனையே நடந்தது. முகவர்களாகச் சேர்ந்தவர்கள் லட்சக்கணக்கில் முதல் போட்டார்கள். மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடர்ந்தது. விற்ற சரக்கு டொலுவீன், நாப்தா முதலிய பெட்ரோலிய வஸ்துக்களின் கலவை என்பது வெளியாயிற்று. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் அவருக்கும் மற்றும் நால்வருக்கும் மூன்று வருஷக் கடுங்காவல் விதித்தது. முதல் போட்டு ஏமாந்தவர்கள் பதினாறு வருஷம் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள்.

சீசா விற்பவர் எல்லோரும் இப்படிப்பட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சீசாவின்மேல் 'மூலிகை' என்றும், 'சுதேசக் கண்டுபிடிப்பு' என்றும் அச்சிட்டிருந்தால், ரசாயனப் பெயரும் அளவும் அச்சிட்டிருக்கின்றனவா என்று இன்னும் கூர்ந்து பார்ப்பதுதான் தேசபக்தி.

பலன் தருகிறது என்பதனால் மட்டும் ஒரு சரக்கு நல்லதாகிவிடுவதும் இல்லை. 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் ஈயச் சேர்க்கை ஒன்றைக் கலந்தால் யந்திரம் 'தட்டுவது' நிற்கும் என்று கண்டார். அது மெய்யாகவே வேலை செய்தது. 1924-இல் அதைச் செய்த ஆலையொன்றில் ஐந்து தொழிலாளர்கள் ஈய விஷத்தால் மாண்டார்கள். அப்படியும் உலகமெங்கும் அது பரவிற்று. இந்தியாவில் 2000-ஆம் வருஷம் பிப்ரவரியில்தான் ஈயமுள்ள பெட்ரோல் நின்றது. அதற்குள் எத்தனை குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருக்குமோ! பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு, தொழிலுக்குப் பலன் தந்த ரசாயனம் கிணற்றுக்கு என்ன செய்யும் என்பதை எடுத்துக்காட்ட வெளிநாட்டு உதாரணம் அவசியமில்லைதான்.

லாரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சாலையோரங்களில் 'டெஃப்' என்றும் 'ஆட்புளூ' என்றும் கேன்களில் விற்கும் திரவம் டீஸலுக்கான மருந்து அன்று. அது 32.5 சதவிகித யூரியாக் கரைசல். புகையிலுள்ள நச்சு வாயுவை முறிப்பதற்காக அதற்கென்று தனியாக அமைந்த டாங்கியில் ஊற்ற வேண்டியது. தவறி டீஸல் டாங்கியில் ஊற்றிவிட்டால் பம்பும் ஊசிகளும் நாசமாகி, பழுதுபார்க்கும் செலவு லட்சத்தைத் தொடும்.

கடைசியாக, இப்போது அதிகம் கேட்கப்படும் புகார் ஒன்று: "2025-லிருந்து வண்டி முன்போல் மைல் தருவதில்லையே, உள்ளே அழுக்கோ?" என்பது. அழுக்காக இருக்க வேண்டியதில்லை. பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயம் 20 சதவிகிதம் கலக்கும் முறை 2023-இல் தொடங்கி 2025-இல் தேசமெங்கும் பரவியது. எத்தனாலுக்கு லிட்டருக்கு லிட்டர் உஷ்ணசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலவையில் ஆறேழு சதவிகிதம் குறைவது கணக்குக்குச் சரியே. கரும்பு விவசாயிக்குப் பணம் போகிறது, அந்நிய எண்ணெய் குறைகிறது என்பதெல்லாம் தனி விவாதம். குறைந்த சக்தியைச் சீசா திருப்பித் தராது என்பதே இங்கு விஷயம். எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணமுடையது. மழைக்காலத்தில் டாங்கி மூடி சரியாகப் பொருந்தாத பழைய வண்டிகளில் தண்ணீர் சேர்ந்து அடியில் தங்கினால் வண்டி நின்றுபோகும். அப்போது வேண்டியது டாங்கியை வடித்துக் கழுவுவது.

பெட்ரோலிலேயே கலப்படம் என்று சந்தேகமிருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில் வடிகட்டித் தாள் கேட்கலாம். கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. குழாய் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டுப் பெட்ரோலைத் தாளில் விட வேண்டும். இரண்டு நிமிஷத்தில் கறையின்றி ஆவியாகிவிட்டால் சுத்தம். லேசான இளஞ்சிவப்பு தெரிந்தால் அது சாயம், குற்றமில்லை. எண்ணெய்க் கறை நின்றால் மண்ணெண்ணெய் முதலியவற்றின் கலப்பு என்று சந்தேகிக்க இடமுண்டு. அடர்த்தியை அளந்து காட்டும்படியும் கேட்கலாம். 15 டிகிரி உஷ்ணத்துக்குக் கணக்கிட்ட அடர்த்தி, நிலையத்தார் எழுதி வைத்துள்ளதிலிருந்து மூன்று புள்ளிக்கு மேல் வேறுபடக் கூடாது. அளவில் சந்தேகமானால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர்ப் படி அங்கே உண்டு. இவற்றுக்கெல்லாம் ஒரு காசும் செலவில்லை. மறுத்தால் எழுதுவதற்குப் புகார்ப் புத்தகமும் அங்கேயே இருக்கும்.