யார் கூற்று இது?

நாவலில் பிழை கண்டுபிடிப்பது வாசகர்களுக்கு எப்போதும் பிடித்தமான வேலை. 1719ல் வந்த ‘ராபின்சன் குரூசோ’வில், கரையில் உடைகளைக் களைந்துவிட்டு உடைந்த கப்பலுக்கு நீந்திப் போகிறவன், கப்பலில் ஏறியதும் பிஸ்கட்டை எடுத்துப் பாக்கெட் நிறையத் திணித்துக்கொள்கிறான். பாக்கெட் எங்கிருந்து வந்தது என்று புத்தகம் வெளியான ஆண்டிலேயே கேட்டுவிட்டார்கள். ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனுக்குப் போரில் பட்ட குண்டுக் காயம் 1887ல் வந்த முதல் நாவலில் தோளில் இருக்கிறது, 1890ல் வந்த அடுத்த நாவலில் காலில் இருக்கிறது. ஜான் என்ற பெயருள்ள அவரை 1891ல் வந்த ஒரு கதையில் அவர் மனைவியே ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலில் சிறுவர்கள் நெருப்பு மூட்டப் பயன்படுத்தும் மூக்குக் கண்ணாடி கிட்டப்பார்வைக்காரனுடையது. அதிலிருப்பது குழிவில்லை, அது வெயிலைக் குவிக்காது, விரிக்கத்தான் செய்யும். இந்தப் புத்தகங்கள் எதற்கும் இவற்றால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. தகவல் பிழையை வாசகர் பார்க்கிறார், சிரிக்கிறார், மேலே படிக்கிறார். அடுத்த பதிப்பில் ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்துபோகிற சங்கதி அது. யாரும் பட்டியல் போடாத பிழை ஒன்று இருக்கிறது. அதுதான் கதையை உள்ளே இருந்து அரிக்கிறது. கதையை இப்போது யார் கண் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதில் நேரும் தடுமாற்றம் அது.

அது எப்படி நேர்கிறது என்பதைக் காட்ட ஒரு சின்ன மாதிரியை இங்கே எழுதிப் பார்க்கலாம். செல்வி என்ற பெண்ணின் மனசுக்குள்ளேயே இருபது பக்கம் ஓடிவந்திருக்கும் ஒரு நாவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். “கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த செல்வி நிமிர்ந்து பார்த்தாள். மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நகை விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தவித்தார். ராமசாமி நாற்காலியில் உட்கார்ந்தான். நெற்றியில் புரண்ட சுருள்முடியை ஒதுக்கியபடி, வியப்பில் விரிந்த விழிகளோடு செல்வி அவனைப் பார்த்தாள்.” இந்த ஐந்து வாக்கியத்தில் எழுத்துப் பிழை கிடையாது. ஒற்றெல்லாம் சரி. புரூஃப் பார்ப்பவர் பேனாவைத் தொடாமல் பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஆனால் நாலு இடத்தில் கதை கைமாறியிருக்கிறது. செல்வி இருப்பது கூடத்தில். அவள் பார்வையில் மாமனார் உள்ளே வந்தார். ‘போனார்’ என்று எழுதிய கணத்தில் நம்மைத் தூக்கித் தெருவில் நிறுத்திவிட்டார் ஆசிரியர். அடுத்த வாக்கியத்தில் மாமனாரின் மனசுக்குள் நுழைந்துவிட்டோம். அதற்கடுத்து, இருபது பக்கமாக மாமனாராக, ‘ஆர்’ விகுதியோடு வந்தவர் திடீரென்று ‘ராமசாமி’ ஆகி, ‘உட்கார்ந்தான்’ ஆகிறார். எந்த மருமகளின் மனசுக்குள்ளும் மாமனார் அப்படி உட்காரமாட்டார். கடைசி வாக்கியத்தில் செல்வி தன் விழிகள் விரிந்திருப்பதைத் தானே பார்க்கிறாள். எதிரே நிலைக்கண்ணாடி இருந்தால்தான் அது நடக்கும்.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். மூன்றாவது வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாமனார் ஏன் வந்திருக்கிறார் என்று தெரியாமல் செல்வி அடுத்த பத்துப் பக்கம் தவிக்கப்போகிறாள். காபி கலக்கும்போதும் புருஷனுக்குப் போன் போடும்போதும் அந்தக் கேள்விதான் அவள் வயிற்றைப் பிசையப்போகிறது. அவளோடு சேர்ந்து நாமும் தவிப்பதற்காகத்தான் அந்தப் பத்துப் பக்கம். ஆனால் நகை விஷயம் என்று நமக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அவள் தவிக்கிறாள், நாம் வேடிக்கை பார்க்கிறோம். ஒரே ஒரு வாக்கியம், பத்துப் பக்க உழைப்பைப் பாழாக்கிவிட்டது. வாசகருக்குக் காரணம் பிடிபடாது, புத்தகம் ‘இழுவையாக இருக்கிறது’ என்று சொல்லி மூடிவைத்துவிடுவார். தமிழ் நாவல்களைப் பற்றி அடிக்கடி காதில் விழும் ‘ஒட்டவில்லை’ என்ற குறைக்குப் பின்னால் இந்தத் தடுமாற்றம் இருப்பதுதான் பெரும்பாலும் நிஜம். நம் மொழியில் இதற்கு வாய்ப்பும் அதிகம். வா, போ என்ற வினை நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. இவன், அவன் என்ற சுட்டு தூரத்தைச் சொல்லிவிடுகிறது. ஆன், ஆர் என்ற விகுதி, பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் என்ன உறவு என்பதையே சொல்லிவிடுகிறது. தமிழில் ஒரு வினைமுற்றை எழுதும்போதே யார் பார்வை என்று கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

பெரிய எழுத்தாளர்களே இதைச் செய்திருக்கிறார்கள் என்பது வழக்கமாக வரும் பதில். ‘மோபி டிக்’கைக் காட்டுவார்கள். இஷ்மேல் என்ற மாலுமி தன் கதையாகச் சொல்ல ஆரம்பிக்கிறான். நடுவே கப்பல் தலைவன் ஏஹப் தனியறையில் தனக்குள் பேசுவதெல்லாம் அப்படியே பக்கத்தில் வருகிறது. இஷ்மேல் அங்கே இல்லையே, அவனுக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. ஆனால் அந்த அத்தியாயத்தின் தலையிலேயே நாடகப் பிரதியில் வருவது போல இடக்குறிப்பு இருக்கிறது. இனி பார்க்கப்போவது மேடை என்று ஆசிரியர் வாசகரிடம் சொல்லிவிட்டுத்தான் திரையை விலக்குகிறார். சொல்லிவிட்டுச் செய்தால் அது உத்தி. கவனமில்லாமல் நேர்ந்தால்தான் பிழை. அதே நாவலுக்கு 1851 அக்டோபரில் லண்டனில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே ‘தி வேல்’ என்ற பெயரில் மூன்று தொகுதிகளாக வந்த பதிப்பில் கடைசியிலுள்ள பின்னுரை அச்சாகவில்லை. கப்பல் மூழ்கியபின் இஷ்மேல் மட்டும் பிழைத்ததைச் சொல்லும் சின்னப் பகுதி அது. அது இல்லாததால், எல்லோரும் செத்துப்போன கதையை யார் வந்து சொன்னார்கள் என்று லண்டன் விமர்சகர்கள் சிலர் கடுமையாகக் கேட்டார்கள். எழுதியவர் பார்வைக் கோணத்தைச் சரியாகத்தான் கட்டியிருந்தார். அச்சுக்கும் எழுத்தாளருக்கும் நடுவே ஒரு பக்கம் தவறியது, மொத்தக் கட்டுமானமும் ஆட்டம் கண்டது.

‘மதாம் பொவாரி’யைப் பற்றியும் இப்படியொரு புகார் நெடுநாளாக உண்டு. எம்மாவின் கண்ணை ஓரிடத்தில் பழுப்பு என்றும் ஓரிடத்தில் கறுப்பு என்றும் இன்னோரிடத்தில் நீலம் என்றும் எழுதியிருப்பது பெரிய கவனக்குறைவு என்பார்கள். நாவலைத் திறந்து பார்த்தால் விஷயம் வேறு. பழுப்புக் கண்தான், இமைமயிர் அடர்ந்திருப்பதால் கறுப்பாகத் தெரிகிறது என்பது அவளுடைய வருங்காலக் கணவன் சார்ல் அவளை முதலில் சந்திக்கும் இடம். கல்யாணமான புதிதில் படுக்கையில் மிக நெருக்கத்தில் பார்க்கிறான், அப்போது நிழலில் கறுப்பாகவும் பகல் வெளிச்சத்தில் கருநீலமாகவும் தெரிகிறது. அந்தக் கண்களின் நிறத்தை நமக்குச் சொல்வது காதலில் கிறங்கிய ஒருவனின் பார்வை. பிழை என்று சொன்னவர்கள் யார் பார்க்கிறார்கள் என்று கேட்க மறந்துவிட்டார்கள். இதே நாவல் ‘நாங்கள்’ என்று சார்லின் வகுப்புத் தோழர்களின் குரலில் தொடங்குகிறது. முதல் அத்தியாயத்தோடு அந்த ‘நாங்கள்’ போனது போனதுதான். அதைச் சறுக்கல் என்பாரும் உண்டு, திட்டம் என்பாரும் உண்டு. திட்டம் என்றே எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஊர் சிரிக்க வெளியிலிருந்து பார்க்கப்பட்ட பையனுக்குள் அடுத்த அத்தியாயத்தில் நுழையும்போது கிடைக்கும் அதிர்ச்சி, அந்தத் தொடக்கம் இல்லாமல் கிடைக்காது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கௌரவமானது. பார்வைக் கோணம் என்பதே மேல்நாட்டு எழுத்துப் பட்டறைகளிலிருந்து வந்த சரக்கு, நம் கதைமரபில் கதைசொல்லிக்கு எல்லோர் மனசும் தெரியும், அதைப் போய்ப் பிழை என்பதா என்று கேட்பார்கள். எல்லாம் தெரிந்த கதைசொல்லி மேல் ஒரு குற்றமும் இல்லை. முதல் பக்கத்திலேயே தான் யார் என்று காட்டிவிடுகிற அப்படிப்பட்ட குரலை நாம் நம்பித்தான் போகிறோம். செல்வியோடு இருபது பக்கம் ஓட்டிவிட்டு நடுவில் தடம் மாறுவதுதான் குற்றம். மேல்நாட்டுச் சரக்கு என்ற வாதத்தை நம்முடைய மிகப் பழைய இலக்கண நூலே மறுத்துவிடுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை முப்பத்து நான்காக எண்ணுகிறது. மாத்திரை, எழுத்து, அசை என்று தொடங்கும் அந்த வரிசையில் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவையும் தனித்தனி உறுப்புகள். முன்னம் என்று ஓர் உறுப்பு உண்டு. இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னாருக்கு இன்னார் சொல்லத் தக்கது என்று கேட்பவர் உணரும்படி அமைவது அது. யார் பேசுகிறார் என்று தெரியாத அகப்பாட்டு ஒன்றைக் காட்ட முடியுமா? குறுந்தொகைப் பாட்டின் அடியில் இது தலைவி கூற்று, இது தோழி கூற்று என்று இருக்கும் குறிப்புகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்பது அறிஞர்கள் கருத்து. அப்படியானால் பாட்டைத் தொகுத்துக் காப்பாற்றியவர்கள் தங்கள் தலையாய வேலையாகச் செய்தது, எழுத்தைத் திருத்துவதோடு நிற்காமல், யார் கூற்று என்று தீர்மானித்து எழுதிவைப்பது. எடிட்டிங் என்று இன்று சொல்வதன் இதயமே அதுதான்.

அந்த வேலையைச் செய்ய இன்று யாரும் இல்லை என்பதுதான் கவலை. தமிழ்ப் பதிப்பில் பிழை திருத்துபவர் இருக்கிறார். அவருக்குப் பக்கக் கணக்கில் கூலி. ல, ள, ழ பார்ப்பார், வல்லினம் மிகும் இடம் பார்ப்பார், விடுபட்ட வரியைப் பிடிப்பார். அதற்கே நேரம் போதாது. கதை யார் வசம் இருக்கிறது என்று கேட்பது அவர் பொறுப்பில் வராது. கேட்டாலும் யாரிடம் போய்ச் சொல்வது? வாராவாரம் தொடர்கதை வந்த காலத்தில் பத்திரிகை ஆசிரியர் என்று ஒருவர் குறுக்கே உட்கார்ந்திருந்தார், வாசகர் கடிதம் என்ற காவலும் இருந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950ல் தொடங்கி 1954ல் முடிந்தபோது, இன்னின்ன பாத்திரம் பிறகு என்ன ஆனது என்று கேட்ட வாசகர்களுக்காக ஆசிரியர் முடிவுரை எழுத வேண்டியிருந்தது. அதே தொடர்கதைகள் பின்னாளில் புத்தகமானபோது பலவற்றை யாரும் மறுபடி படித்துப் பார்க்கவில்லை. போன வாரத்தை நினைவுபடுத்த எழுதிய வரிகள் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் அப்படியே கிடக்கின்றன. இன்று அந்தக் காவலும் இல்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. டிசம்பரில் கோப்பு கைக்கு வருகிறது, ஒரு வாரத்தில் லே-அவுட் முடிகிறது, அடுத்த வாரம் அட்டை, அதற்கடுத்த வாரம் அரங்கில் வெளியீடு. கேட்ட அளவுக்கு மட்டும் அச்சிடும் வசதி வந்தபின், எழுதியவர் அனுப்பிய கோப்பு யார் கண்ணிலும் படாமலேயே புத்தகமாகிவிட முடிகிறது.

சில நூறு பிரதி விற்கும் புத்தகத்துக்கு எடிட்டர் வைத்துக் கட்டுப்படியாகுமா என்பார்கள். கணக்குச் சரிதான். ஆனால் அட்டைக்குப் பணம் இருக்கிறது, வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடிக்கப் பணம் இருக்கிறது, உள்ளே இருக்கும் கதையை ஒருமுறை பொறுப்போடு படிப்பதற்கு மட்டும் இல்லை என்பது தீராத வருத்தம். எடிட்டர் கை வைத்தால் எழுத்தாளரின் தனிக்குரல் போய்விடும் என்ற பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது, மோசமான எடிட்டர்களும் உண்டு. நல்ல எடிட்டர் வாக்கியத்தை மாற்றி எழுதுவதில்லை. ஓரத்தில் ஒரு கேள்வி போடுகிறார்: இது யார் பார்ப்பது? பதில் சொல்ல வேண்டியவர் எழுத்தாளர். வேண்டுமென்றே செய்திருந்தால் அப்படியே இருக்கட்டும் என்பார். தெரியாமல் நேர்ந்திருந்தால் நெற்றியைத் தட்டிக்கொண்டு திருத்துவார். வெளிநாடுகளிலும் இது எப்போதும் ஒழுங்காக நடந்துவிடுவதில்லை. 2010ல் பிரிட்டனில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ஒரு நாவல், கடைசியாகத் திருத்திய கோப்புக்குப் பதிலாகப் பழைய கோப்பிலிருந்து அச்சாகி வெளியே போய்விட்டது. வாங்கியவர்களுக்குச் சரியான பிரதியை மாற்றித் தர ஏற்பாடு செய்தார்கள். மாற்றித் தரத் திருத்திய கோப்பு ஒன்று அவர்களிடம் இருந்தது. நம்மிடம் பல நாவல்களுக்கு அப்படியொரு கோப்பே உருவாவதில்லை.

முதல் படியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குச் செலவும் கிடையாது. புத்தகத்தின் முதல் பக்கங்களில் உரிமை, விலை, தாள், அச்சகம், அட்டை வடிவமைத்தவர் என்று எல்லா விவரமும் போடுகிறோம். அங்கே எடிட் செய்தவர் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும். பெயர் போட்டால் பொறுப்பு வரும், நாளடைவில் ஊதியமும் வரும். அடுத்த புத்தகக் காட்சியில் ஒரு நாவலைக் கையில் எடுக்கும் வாசகர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அரங்கில் இருப்பவரிடம் கேளுங்கள்: இந்த நாவலை எடிட் செய்தது யார்?