மஞ்சள் விளக்கு சொல்வது என்ன?

மோட்டார் வண்டியின் சாவியைத் திருப்பியவுடன், ஓட்டுநருக்கு எதிரேயுள்ள பலகையில் சிறு விளக்குகள் பல ஒருங்கே ஒளிர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அவை அணைந்துவிடும். அவற்றுள் ஒன்று அணையாமல் நின்றால் என்ன பொருள்? அணைத்த பின்னும் மீண்டும் மீண்டும் எரிந்தால் என்ன செய்வது? எங்கள் வீட்டுப் பிக்கப் வண்டி எனக்குக் கற்பித்த பாடத்தைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயிலின் அழுத்தம் குறைந்தாலும், எஞ்சின் அளவு கடந்து சூடேறினாலும் எரிவது சிவப்பு விளக்கு. அது எரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சில நிமிட ஓட்டமே எஞ்சினைப் பாழாக்கிவிடலாம். எஞ்சின் வடிவில் தோன்றும் மஞ்சள் விளக்கோ, விரைவில் ஆராய்ந்து பார் என்று கூறுவது. பெட்ரோல் வண்டியில் அது விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று அங்குள்ள தூய்மைக் கருவியைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். அப்பொழுதும் வண்டியை ஓட்டுவது தகாது.

இம்மஞ்சள் விளக்கு பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டிய காலத்தில், 1950களின் தொடக்கத்தில், ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலறிஞர், மோட்டார் வண்டிகளின் புகையும் எண்ணெய் ஆலைகளின் ஆவியும் வெயிலில் மாறுதலுற்றே அம்மூட்டம் உண்டாகிறது என்று காட்டினார். பின்னர் புகைச் சட்டங்கள் வந்தன. வண்டி தன் புகையைத் தானே கண்காணிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. 1996 முதல் அந்நாட்டில் விற்கப்பட்ட புதுக் கார்களும் சிறு லாரிகளும் ஒரே முறையான பழுதுக் குறியீடுகளைக் கொண்டிருந்தன. நம் நாட்டிலும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆகவே இவ்விளக்கு பெரும்பாலும் புகையைக் கெடுக்கும் கோளாறுகளையே அறிவிப்பது.

இது வேலை செய்யும் முறை எளிது. எஞ்சினின் பல இடங்களில் உணர்கருவிகள் இருந்து, காற்று, வெப்பம், அழுத்தம் ஆகியவற்றை அளந்து ஒரு சிறு கணினிக்குத் தெரிவிக்கின்றன. அளவு வரம்பு மீறினால் கணினி ஒரு குறியீட்டைப் பதிந்துகொள்கிறது. பல கோளாறுகளில், அடுத்தடுத்த இரு பயணங்களில் தவறு தோன்றிய பின்னரே விளக்கு எரியும். 'பி 0171' என்னும் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் எஞ்சினில் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்துள்ளது என்பதே அதன் பொருள். காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கலாம். காற்றை அளக்கும் கருவியில் அழுக்குப் படிந்திருக்கலாம். எரிபொருளைத் தள்ளும் பம்பு வலுவிழந்திருக்கலாம். காய்ச்சல் இருக்கிறது என்று வெப்பமானி சொல்லும்; எதனால் வந்தது என்று சொல்லாது. குறியீடும் அத்தகையதே.

இனி எங்கள் வண்டிக்கு வருவோம். என் தமையனார் சிறுமலையிலிருந்து திண்டுக்கல்லுக்கு மலைவாழைத் தார்களை ஏற்றிச் செல்வார். திரும்பும்போது உரமூட்டைகள் வரும். அந்த டீசல் வண்டியில் ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி அடைபட்டது என்று குறியீடு கூறிற்று. பணிமனையில் கணினியை இணைத்து, வடிகட்டியைச் சூடேற்றிக் கரியை எரித்து, விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். பத்து நாளில் அது மீண்டும் எரிந்தது. அழுத்த உணர்கருவியை மாற்றினார்கள், மறுபடியும் எரிந்தது. இறுதியில் வடிகட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் கூறிய தொகை எங்கள் வீட்டில் அனைவரையும் உறங்கவிடாமல் செய்தது. வண்டியை வாங்கிய கடனே அப்போது தீர்ந்தபாடில்லை.

அந்நிலையில்தான் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். அவர் கணினியை எடுக்கவில்லை.

"தம்பி, ஏற்றத்தில் வண்டி முன்போல இழுக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணே, இரண்டு மாதமாகவே மந்தந்தான். 'உஸ்' என்று ஒரு சத்தமும் கேட்கிறது" என்றார் தமையனார்.

மெக்கானிக் எஞ்சின் மூடியைத் திறந்து, டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாயைத் தடவிப் பார்த்தார். அடிப்பக்கத்தில், கண்ணுக்கு எளிதில் தெரியாதபடி, ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. அளக்கப்பட்ட காற்றில் ஒரு பகுதி வெளியேறியதால், டீசல் முழுதும் எரியப் போதிய காற்றின்றிக் கரி மிகுந்தது. பழைய லாரியாயின் கரும்புகை கக்கி அதனைக் காட்டிக்கொடுத்திருக்கும். இங்கோ வடிகட்டி புகை முழுவதையும் விழுங்கி நோயை மறைத்துவிட்டது! வடிகட்டியை மாற்றியிருந்தால், புதியதும் சில வாரங்களில் அடைபட்டிருக்கும். சில நூறு ரூபாய்க் குழாயோடு வேலை முடிந்தது. வடிகட்டியிலிருந்த கரியை ஒருமுறை எரித்தபின் விளக்கு எரியவில்லை.

அவர் மற்றோர் அபாயத்தையும் காட்டினார். கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்காக எஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்துகிறது. அம்முயற்சி அடிக்கடி தடைப்பட்டால், டீசல் பிஸ்டனைக் கடந்து கீழிறங்கி ஆயிலோடு கலக்கும். எங்கள் வண்டியின் அளவுக்கம்பியில் ஆயில் குறைவதற்கு மாறாக ஏறியிருந்தது. நீர்த்த ஆயிலோடு இன்னும் சில மாதம் ஓடியிருந்தால் டர்போவும் எஞ்சினும் தேய்ந்து, வண்டியை விற்றும் ஈடுசெய்ய இயலாத செலவு வந்திருக்கும். ஆயிலை அன்றே மாற்றினோம்.

மாணவ நண்பர்களே, விளக்கு மீண்டும் எரிந்தால், எந்த உறுப்பை மாற்றுவது என்று உடனே கேளாதீர்கள். குறியீட்டை அழிக்குமுன் எழுதி வையுங்கள். எப்போது எரிந்தது, ஏற்றத்திலா, குளிரிலா, பாரத்தோடா என்று குறியுங்கள். கண்ணாலும் காதாலும் அறியக்கூடிய குழாய், கம்பி, ஆயில் ஆகியவற்றை முதலில் சோதியுங்கள். உறுப்பு கெட்டதென்றால், அதைக் கெடுத்தது எது என்று இன்னுமொரு கேள்வி கேளுங்கள். அக்கேள்வியை முதலிலேயே கேளாததால் இரண்டு மாத வருவாயை இழந்தோம். கடைசியில் கேட்டதால் வண்டியைக் காத்துக்கொண்டோம்.