உண்டியலில் இருந்து கைத்தொலைபேசிக்கு



சென்ற மாத நேரடி நிகழ்ச்சியில் ஸ்காபரோவில் இருந்து ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, ரெலிபோனிலேயே ஊருக்குக் காசு அனுப்பலாம் எண்டு மகன் சொல்லுறான். இடையிலை காசு துலைஞ்சால் ஆரைப் போய்ப் பிடிக்கிறது?" நேரம் போதாததால் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மிகுதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எமக்குப் பழக்கமான உண்டியலையே எடுத்துக்கொள்வோம். இங்கே கடைக்காரரிடம் டொலரைக் கொடுப்போம். அவர் ஊரில் உள்ள தன் ஆளுக்குச் சொல்லுவார். அந்த ஆள் தன் கையில் இருக்கும் ரூபாவை அம்மாவிடம் கொடுப்பார். நாங்கள் கொடுத்த டொலர் கடல் கடப்பதில்லை. அவர்கள் இருவரும் பிறகு தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வார்கள்.

இணையவழிச் சேவைகள் பலவும் இதே விதமாகத்தான் இயங்குகின்றன. உங்கள் டொலர் கனடாவில் நிறுவனத்தின் கணக்குக்குப் போகும். இலங்கையில் முன்கூட்டியே வைத்திருக்கும் ரூபாவில் இருந்து அம்மாவின் கணக்குக்குக் காசு போகும். அதனால்தான் சிலவேளை சில நிமிடங்களிலேயே போய்ச் சேருகிறது. வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு. உண்டியலில் ஆளின் முகத்தை நம்பினோம். இதில் பதிவை நம்புகிறோம்.

பதிவில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் என்ன நடக்கும் என்பதை நான் அனுபவத்தில் அறிந்தேன். 2012இல் யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை. முதன்முறையாக இணையத்தில் காசு அனுப்பினேன். வீட்டில் கூப்பிடும் பெயரை, எனக்குத் தெரிந்த ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டேன். அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து, முன்னால் ஐயாவின் பெயர். காசு ஐந்து நாள் தடைப்பட்டு நின்றது. "காசு வரேல்லை மோனை, திகதியைத் தள்ளிப் போடட்டோ?" என்று அம்மா கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. கடைசியில் உண்டியல்காரர்தான் இரண்டு மணித்தியாலத்தில் கொடுத்து உதவினார். நானும் பழையபடி உண்டியலுக்கே போனேன்.

சில வருடங்களின் பின் எங்கள் அண்ணி வேறொரு உண்டியல் கடையில் 3,000 டொலர் கொடுத்தார். அடுத்த கிழமை கடை பூட்டு. கையில் பற்றுச்சீட்டு இல்லை. யாரிடம் போய் முறையிடுவது? எனது ஐந்து நாள் தாமதத்துக்கு ஒரு முடிவு இருந்தது; அண்ணியின் காசுக்கு இன்றுவரை முடிவில்லை.

இனிச் செலவைப் பார்ப்போம். "கட்டணம் இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நிறுவனம் இரண்டு இடத்தில் உழைக்கும்: ஒன்று கட்டணம், மற்றது நாணயமாற்று வீதம். உதாரணத்துக்கு 500 டொலர் அனுப்புவதாக வையுங்கள். கட்டணம் இல்லாத நிறுவனம் டொலருக்கு 205 ரூபா தந்தால் கிடைப்பது 102,500. 5 டொலர் கட்டணம் எடுக்கும் நிறுவனம் 210 ரூபா தந்தால் கிடைப்பது 103,950. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடம் பார்த்து, "அம்மா கையில் எத்தனை ரூபா?" என்று மட்டும் கேளுங்கள். கடன் அட்டையால் செலுத்தினால் அட்டை வங்கி மேலதிகக் கட்டணமும் வட்டியும் எடுக்கக்கூடும். வங்கிக் கணக்கில் இருந்து செலுத்துவதே பெரும்பாலும் மலிவு.

உண்டியலில் வீதம் கூட என்பார்கள். 2021இல் இலங்கை அரசு டொலரை 200 ரூபா அளவில் பிடித்து வைத்திருந்தபோது அது உண்மைதான். பலர் அந்தப் பக்கம் போனார்கள். 2020இல் ஏறத்தாழ 7.1 பில்லியன் அமெரிக்க டொலராக இருந்த, வங்கிவழி வந்த காசு 2022இல் 3.8 பில்லியனாகக் குறைந்தது. 2022 மார்ச்சில் ரூபாவின் பிடியை விட்ட பிறகு அந்தப் பெரிய இடைவெளி சுருங்கிவிட்டது.

அனுப்பமுன் கவனிக்க வேண்டியவை இவை:

நிறுவனம் ஃபின்ட்ராக் பதிவில் உள்ளதா என்று பாருங்கள். அது காசுக்கு உத்தரவாதம் அல்ல. ஆனால் பதிவே இல்லாத இடத்தைத் தவிர்க்கலாம்.

பெறுபவரின் பெயரை வங்கிப் புத்தகத்தில் அல்லது அடையாள அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

முதல்முறை சிறுதொகை அனுப்பி, கிடைத்ததென்று கேட்ட பிறகு பெருந்தொகை அனுப்புங்கள்.

கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

பிள்ளைகளே, அப்பா அம்மாவின் காசை உங்கள் பெயரில் அனுப்பிக் கொடுக்காதீர்கள். அவர்கள் பெயரில் கணக்குத் திறந்து, பக்கத்தில் இருந்து பழக்குங்கள். அனுப்பியவர் பெயரில்தான் பதிவு இருக்கும். பிழைத்தால் கேட்கும் உரிமையும் அந்தப் பெயருக்குத்தான்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு என் பதில் இதுதான்: ஆளைப் பிடிக்கத் தேவையில்லை அம்மா, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.