பள்ளி விடுமுறையில் பிள்ளையை யாரிடம் விடுவது?
யூதப் பிள்ளைகளின் பகல் முகாம் சொல்லும் பாடம்

பள்ளிக்கூடம் மூடிவிட்டால், வேலைக்குப் போகும் தாய்க்கு முதலில் வரும் கவலை எது? "பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?" என்பதுதானே! பால்மரம் சீவ விடியுமுன் புறப்பட்ட நம் தாய்மார்கள் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளோ ஆற்றங்கரையில் திரிந்தார்கள். அமெரிக்காவில் குடியேறிய யூத மக்களுக்கும் இதே கவலை இருந்தது. அவர்கள் கண்ட வழியைச் சற்று அறிந்துகொள்வோம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ரஷ்யாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் யூதர்கள் லட்சக்கணக்கில் நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாத சிறு அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்து, துணி தைத்துப் பிழைத்தார்கள். கோடை வெயிலில் பிள்ளைகளுக்குத் தெருதான் விளையாட்டு மைதானம். இந்த நிலையைக் கண்டு, அச்சமூகத்தின் பொது நிலையங்கள் பிள்ளைகளை நகருக்கு வெளியே அழைத்துச் சென்றன. 1902இல் தொடங்கிய 'சர்ப்ரைஸ் லேக்' முகாம் அவற்றுள் பழமையான ஒன்று. அது இரவும் தங்கும் முகாம். பிற்காலத்தில் பகல் முகாம்களும் பெருகின. காலையில் போகும் பிள்ளை மாலையில் வீடு திரும்பிவிடும்.

அங்கே என்ன நடக்கிறது?

அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை சுமார் 10 வாரம். முகாம் திங்கள் முதல் வெள்ளி வரை நடக்கும். பந்து விளையாட்டு, கைவேலை, நாடகம், நீச்சல் எல்லாம் உண்டு. இவற்றோடு எபிரேய மொழிப் பாட்டும் முன்னோர் கதையும் கலந்து வரும். பாடம் என்ற பெயரே இல்லாமல் பிள்ளை தன் மொழியையும் சமயத்தையும் பழகிக்கொள்கிறது.

சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள். அது வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போதே பிறந்துவிடும். ஆகவே, வெள்ளியன்று முகாமில் அதனை வரவேற்பார்கள். சடைபோலப் பின்னிச் சுட்ட 'ஹல்லா' ரொட்டியும் திராட்சைச் சாறும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

நீச்சலுக்குத் தனி இடம் உண்டு. தகப்பன் மகனுக்குச் செய்ய வேண்டிய கடமைகளை வரிசைப்படுத்தும் தல்மூத் என்னும் பழைய யூத நூல், வேதமும் தொழிலும் கற்றுத் தருவதோடு நீந்தவும் கற்றுத்தர வேண்டும் என்று சிலர் கருத்தாகக் கூறுகிறது. எவ்வளவு நடைமுறை அறிவு, பாருங்கள்!

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, சாப்பாடு. யூதரின் உணவு விதிக்கு 'கோஷர்' என்று பெயர். ஹலால் உணவைப் போலவே இதிலும் பன்றி இறைச்சி கூடாது. இறாலும் நண்டும்கூட விலக்கு. இறைச்சியையும் பால் பொருளையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. கோழியும் பாலாடைக்கட்டியும் ஒரே ரொட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினால் அந்தப் பொட்டலம் திரும்பி வரலாம். இது தெரியாத தாயால் பிள்ளைதான் பட்டினி கிடக்கும்.

இரண்டாவது, நாள்காட்டி. எருசலேம் ஆலயம் அழிந்ததை நினைந்து யூதர்கள் துக்கம் காக்கும் நாள் ஜூலை அல்லது ஆகஸ்டில் வரும். பெரியவர்கள் உபவாசம் இருப்பார்கள். சிறு பிள்ளைகளுக்கு அது கடமையல்ல. ஆசாரம் மிக்க முகாம்களில் அதற்கு முந்திய சில நாள்கள் இறைச்சியும் நீச்சல் விளையாட்டும் இருக்காது. எல்லா முகாமும் ஒரே மாதிரி அல்ல. சில இடங்களில் கட்டுப்பாடு அதிகம். சில இடங்களில் யூதரல்லாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். சேர்ப்பதற்கு முன்பே விசாரிப்பது நல்லது.

மூன்றாவதும் முக்கியமானதும் பாதுகாப்பு. அமெரிக்க முகாம் சங்கம் பகல் முகாம்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 6 முதல் 8 வயதுவரை உள்ள பிள்ளைகளில் 8 பேருக்கு ஒரு பொறுப்பாளர். 9 முதல் 14 வயதுவரை 10 பேருக்கு ஒருவர். தண்ணீரில் இறங்கும்போது பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்துவிடுவதும் அங்கே வழக்கம். ஒருவர் காணாமற்போனால் மற்றவர் உடனே குரல் கொடுப்பார்.

விவரமறிந்த பெற்றோர் கேட்கும் கேள்விகள் இவை: பொறுப்பாளர்களின் பின்னணியை விசாரித்துத்தான் வேலைக்கு எடுத்தீர்களா? பிள்ளையோடு ஒரு பெரியவர் மட்டும் தனித்திருக்க விடுவீர்களா? கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? மருந்தை யார் கொடுப்பார்? மாலையில் என் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பீர்கள்? கட்டணமும் குறைவல்ல, ஆனால் வசதி குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை தரும் முகாம்களும் உண்டு. அதையும் வெட்கப்படாமல் கேட்கிறார்கள்.

பெற்றோர்களே! சிறிய சமூகம் ஒன்று தன் பிள்ளைகளின் விடுமுறையை வீணாக்காமல், அதிலேயே மொழியையும் வழிபாட்டையும் வளர்த்துக்கொண்டது. நாளை உங்கள் பிள்ளையும் கோயில் முகாமுக்கோ பள்ளி முகாமுக்கோ புறப்படலாம். "பெரியவர்கள் நடத்துகிறார்கள், நாம் என்ன கேட்பது?" என்று ஒதுங்கி நிற்காதீர்கள். மேலே சொன்ன கேள்விகளைப் பணிவாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள். நல்ல முகாம் நடத்துவோர் அதற்காகக் கோபிக்கமாட்டார்கள். கோபித்தால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்!